அடமானப் பொருளைக் கைமாற்றினால் சட்டம் என்ன செய்யும்?

தென்காசி மாவட்டத்தில் கடன் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கார் சாகுபடிக்கு நாற்று நட வேண்டும் என்றால் வீட்டு நகை கூட்டுறவு சொசைட்டிக்குப் போகும். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கம்மலை அடகு வைப்பார்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கும் முன் லாட்ஜைப் புதுப்பிக்க, அதன் உரிமையாளர் கட்டடப் பத்திரத்தை வங்கியில் கொடுப்பார். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லோடு ஆட்டோவும் புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் உழும் டிராக்டரும் பெரும்பாலும் ஃபைனான்ஸில் எடுத்தவைதான். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உழைப்பவனின் மூலதனம் இப்படித்தான் திரள்கிறது.

தவணை தவறும்போதுதான் சிக்கல். கையில் காசில்லை, விற்றால் காசாகும் பொருள் ஒன்று இருக்கிறது, அதுவோ அடமானத்தில் இருக்கிறது. விற்கலாமா? இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. “என் பெயரில் இருக்கும் பொருளை நான் விற்றால் யார் கேட்பது?” என்பது ஒன்று. “டியூ கட்டாவிட்டாலே போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விடும்” என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. முதல் பதிலை நம்பியவர்கள் வழக்கில் சிக்குகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் மிரட்டலுக்குப் பணிந்து, இருப்பதையும் இழக்கிறார்கள். ஆகவே இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

சட்டத்தின் நிலையை முதலிலேயே சொல்லிவிடலாம். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. அடமானத்தில் இருப்பதை விற்பதுகூட எல்லா நேரமும் குற்றமாகிவிடாது. உண்மையை மறைத்து விற்பதும், கடன் கொடுத்தவரின் ஈட்டை வேண்டுமென்றே அழிப்பதும் குற்றம். எந்தக் குற்றம், எவ்வளவு தண்டனை என்பது பொருள் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அந்தத் தேதிக்கு முன் நடந்த செயல்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். கீழே வரும் பிரிவு எண்கள், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், புதிய சட்டத்தின் எண்கள்.

நகை: கடன் கொடுத்தவர் கையில் உள்ள ஈடு

நகையை அடகு வைக்கும்போது நகை நம்முடையதாகவே இருக்கிறது. கைவசம் மட்டும் கடன் கொடுத்தவரிடம் போகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத்தான் அடகு என்கிறது. நம் பொருளை நாமே எடுத்தால் திருட்டாகுமா என்று கேட்பவர்களுக்கு 1860-லேயே சட்டம் ஓர் உதாரணத்தோடு பதில் சொல்லிவிட்டது. கைக்கடிகாரத்தை அடகு வைத்த ஒருவர், வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல், அடகு பிடித்தவரின் சம்மதமும் இல்லாமல் அதைக் கெட்ட நோக்கத்தோடு எடுத்துக்கொண்டால், கடிகாரம் அவருடையதே என்றாலும் அது திருட்டு. புதிய சட்டத்தின் 303-ஆம் பிரிவிலும் இந்த உதாரணம் அப்படியே தொடர்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை.

போலி நகையைத் தங்கம் என்று சொல்லி அடகு வைப்பது ஏமாற்றுதல். வைரமல்ல என்று தெரிந்தே ஒன்றை வைரமாக அடகு வைப்பவரைச் சட்டமே உதாரணமாகக் காட்டுகிறது. ஏமாற்றிப் பணம் பெற்றால் 318(4)-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

நம் ஊர்களில் இதைவிட அதிகம் நடப்பது இரவல் நகை விவகாரம். கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுத் தருகிறேன் என்று அக்கம்பக்கத்தில் வாங்கிய வளையலை அவசரத்துக்கு அடகு வைத்துவிடுவார்கள். பிறகு மீட்க முடியாமல் போகும். “மீட்டுத் தருகிறேன் என்றுதானே சொல்கிறேன்” என்பது சமாதானமாகலாம். சட்டத்தின் முன் அது போதாது. நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற நோக்கத்தோடு தன் காரியத்துக்குப் பயன்படுத்துவது நம்பிக்கை மோசடி. 316-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது.

அடகு பிடித்தவருக்கும் இதே சட்டம்தான். எக்ஸ்சேஞ்ச் பேங்க் ஆஃப் இந்தியா அண்ட் ஆப்பிரிக்கா என்ற வங்கியின் நிர்வாக இயக்குநராக இருந்த ஜஸ்வந்த்ராய் மணிலால் அகானே, ஒரு கூட்டுறவு வங்கி கடனுக்கு ஈடாகத் தந்திருந்த அரசுக் கடன் பத்திரங்களைக் கைமாற்றிவிட்டார். அடகாக வந்த பொருளும் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளே என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்காக அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையையும் உறுதி செய்தது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்க, வெள்ளிக் கடன் நெறிமுறைகள் இன்னும் தெளிவானவை. கடன் முழுவதும் அடைந்தபின் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். வங்கியோ நிதி நிறுவனமோ தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

வண்டி: நம் கையில் உள்ள ஈடு

வண்டிக் கடனில் நிலைமை நேர்மாறு. வண்டி நம் வீட்டு வாசலில் நிற்கிறது, நம் பெயரில் இருக்கிறது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் ஹெச்.பி. என்ற கடன் ஈட்டுக் குறிப்போடு ஏறியிருக்கிறது. இந்த வண்டியை விற்றால் என்ன குற்றம்? சட்டம் தெரிந்தவர்களே குழம்பும் இடம் இது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உதவுகிறது. அதில் சிக்கியது விமானம்.

என்.இ.பி.சி. நிறுவனமும் ஸ்கைலைன் என்.இ.பி.சி. நிறுவனமும் 1990-களில் விமானங்களை இயக்கின. இந்தியன் ஆயில் நிறுவனத்திடம் விமான எரிபொருள் வாங்கிய வகையில் பல கோடி ரூபாய் பாக்கி விழுந்தது. அந்தப் பாக்கிக்காக 1997-இல் இரண்டு விமானங்கள் ஈடாக எழுதிக்கொடுக்கப்பட்டன. விமானங்கள் கடன்காரர் கைவசமே இருந்தன. பிறகு அவற்றின் இன்ஜின்கள் கழற்றி எடுக்கப்பட்டதாக இந்தியன் ஆயில் குற்றம் சாட்டியது. ஆலந்தூரிலும் கோவையிலும் உள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் புகார் கொடுத்தது. இது வெறும் பணத் தகராறு என்று சொல்லி, 2001-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் புகார்களை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2006 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு குற்றத்தையும் தனித்தனியே எடைபோட்டது. திருட்டா? இல்லை, பொருள் கடன் கொடுத்தவர் கையில் இருக்கவில்லை. நம்பிக்கை மோசடியா? இல்லை, கடன்காரர் தன் பொருளைத் தானே வைத்திருந்தார், யாரும் நம்பி ஒப்படைக்கவில்லை. டன்கன்ஸ் ஆக்ரோ என்ற நிறுவனத்தின் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதே கருத்தைச் சொல்லியிருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் எண்ணமே இல்லாமல் எரிபொருளைத் தொடர்ந்து வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல். ஈடாக எழுதிக்கொடுத்த விமானத்தின் இன்ஜினைக் கழற்றி அதன் மதிப்பைக் குலைப்பது, சொந்தப் பொருளின் மேல் செய்தாலும், சேதம் விளைவிக்கும் குற்றம். இந்த இரண்டு குற்றங்களுக்கும் வழக்கு நடக்கலாம் என்று நீதிமன்றம் கூறியது. யாரையும் அது குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. புகாரில் சொன்னவை விசாரணைக்குப் போதுமானவை என்று மட்டுமே சொன்னது.

இதை நம் லோடு ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் பொருத்திப் பாருங்கள். ஃபைனான்ஸ் வண்டியின் இன்ஜினையும் டயரையும் கழற்றி விற்றுவிட்டு வெறும் கூட்டை விட்டுவைத்தால், “என் வண்டி” என்ற பதில் நிற்காது. ஒரு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ சேதம் என்றால் 324-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஹெச்.பி. இருப்பதை மறைத்துப் புளியரை சோதனைச்சாவடி தாண்டிக் கேரளத்தில் விற்றால், வாங்கியவரை ஏமாற்றிய குற்றம் சேரும். கடன் கொடுத்தவர் தந்ததுபோலப் போலி என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) தயாரித்தால் ஆவண மோசடியும் சேர்ந்துகொள்ளும். ஏமாற்றும் நோக்கத்தில் ஆவணத்தைப் போலியாக்குவதற்கு மட்டுமே 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

“மீதி டியூவை நீ கட்டிக்கொள்” என்று வெறும் வாய்ப்பேச்சில் வண்டியை மாற்றிவிடுவதும் ஆபத்தானது. கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஆர்.சி.யில் பெயர் மாறாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. வாங்கியவர் தவணையை நிறுத்தினால் நோட்டீஸ் பழைய உரிமையாளருக்கே வரும். விபத்து நடந்தாலும் முதலில் தேடப்படுபவர் அவரே.

நிலமும் வீடும்

வங்கியில் அடமானம் இருக்கும் நிலத்தை விற்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அடமானம் வைத்தவருக்கு மீட்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையோடு சொத்தை அவர் விற்கலாம். வாங்குபவர் சொத்தைக் கடனோடு சேர்த்து வாங்குகிறார். “இவ்வளவு கடன் இருக்கிறது, கிரையப் பணத்தில் அதை நேரே வங்கியில் கட்டிப் பத்திரத்தை மீட்டுக்கொள்ளலாம்” என்று பேசி, வங்கிக்கும் தெரிவித்துச் செய்யும் விற்பனை நேர்மையானது. கடனில் மூழ்குபவர் கரையேறுவதற்கும் பல நேரம் அதுவே நல்ல வழி.

மறைக்கும்போதுதான் அது மோசடியாகிறது. உரிமையில் உள்ள குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்றும், சொல்லாமல் விடுவதே மோசடி என்றும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஏமாற்றுதலை விளக்கும் 318-ஆம் பிரிவும், உண்மையை நேர்மையற்று மறைப்பது ஏமாற்றுதலே என்று விளக்கம் தருகிறது. வில்லங்கம் இல்லை என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வங்கிக் கடனை மறைத்து முழு விலையும் வாங்கினால் இந்தப் பிரிவில்தான் வழக்கு வரும். மூலப் பத்திரம் வங்கியில் இருக்கும்போது, தொலைந்துவிட்டது என்று பொய்ப் புகார் கொடுத்து நகலை வைத்து விற்பவர், பொய்த் தகவல் தந்த குற்றத்தையும் கூடவே சேர்த்துக்கொள்கிறார்.

வங்கிக் கடன் வாராக்கடனாகி, நீதிமன்ற வழக்கு இல்லாமலே ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு வழிதரும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2)-ஆம் பிரிவின்படி 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். அதன்பின் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. வழக்கமான தொழில் நடவடிக்கைக்கு மட்டும் விலக்கு உண்டு. மீறினால் 29-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றாலத்து லாட்ஜ் உரிமையாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அருவிக்கு வருபவர்களுக்கு அறையை நாள் வாடகைக்கு விடுவது வழக்கமான தொழில். நோட்டீஸ் வந்தபின் முழு லாட்ஜையும் பல ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்து முன்பணம் வாங்குவதை அப்படிச் சொல்லிவிட முடியாது. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஏமாற்றுதலுக்கான பிரிவுகள் வயலுக்கும் தோப்புக்கும் பொருந்தும்.

இதில் மிக மோசமாக அடிபடுபவர்கள் ஒத்திக்கு வீடு எடுப்பவர்கள். மாத வாடகை மிச்சமாகுமே என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை மொத்தமாகக் கொடுத்துக் குடிவருகிறார்கள். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. ஒரு நாள் வங்கியின் நோட்டீஸ் சுவரில் ஒட்டப்படும். முந்திய அடமானத்துக்கே முன்னுரிமை என்பதால் வங்கியின் பாக்கி போகத்தான் மற்றவர்களுக்கு. கையில் இருப்பது பதிவு செய்யாத வெறும் பத்திரத்தாள் என்றால் நிலைமை இன்னும் பரிதாபம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். அடமானத்தை மறைத்து ஒத்திப் பணம் வாங்கிய உரிமையாளர்மீது ஏமாற்றுதல் புகார் கொடுக்க முடியும். ஆனால் புகார் கொடுத்த அன்றே பணம் திரும்பி வந்துவிடாது.

பெயருக்கு எழுதி வைக்கும் பத்திரங்கள்

கடன் முற்றும்போது மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ செட்டில்மென்ட் எழுதிவிட்டால் தப்பிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேரக் கூடாது என்ற நோக்கத்தோடு சொத்தை ஒளிப்பதும், தகுந்த விலை இல்லாமல் கைமாற்றுவதும் 320-ஆம் பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனை விதித்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரத்தில் விலையைப் பற்றியோ, உண்மையில் யாருக்காக எழுதப்படுகிறது என்பதைப் பற்றியோ மோசடியாகப் பொய் எழுதுவது 322-ஆம் பிரிவில் வரும். சொத்தை மோசடியாக ஒளிப்பதும் அப்புறப்படுத்துவதும் 323-ஆம் பிரிவு. இந்த இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை. உடன்பட்டு உதவியவருக்கும் பொறுப்பு உண்டு. யோசனை சொன்னவர் வெளியே இருக்க, பெயர் கொடுத்த மைத்துனர் எதிரியாக நிற்க நேரும். இவை தவிர, அப்படிப்பட்ட பத்திரம் செல்லாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி உரிமையியல் வழக்கும் போடலாம்.

320 முதல் 323 வரையிலான குற்றங்களில் காவல்துறை தானாக வழக்குப் பதிந்து கைது செய்ய முடியாது. குற்றவியல் நடுவரின் உத்தரவு தேவை. பாதிக்கப்பட்டவர் நடுவரிடமே நேரடியாகப் புகார் கொடுக்கலாம். ஏமாற்றிப் பணம் பறித்த 318(4)-ஆம் பிரிவுக்கும் நம்பிக்கை மோசடிக்கும் காவல் நிலையத்திலேயே வழக்குப் பதியலாம்.

எது குற்றமல்ல

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். மழை பொய்த்துப் பிசானம் கருகியவர், சீசன் ஏமாற்றிய கடைக்காரர், வேலை போன ஓட்டுநர், இவர்கள் தவணை கட்டாமல் இருப்பது குற்றமல்ல. ஏமாற்றுதல் குற்றமாக வேண்டும் என்றால் பணம் வாங்கும்போதே கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்த இயலாமையை வைத்து அந்த எண்ணத்தைக் கற்பித்துவிட முடியாது. பணத் தகராறுகளைக் குற்ற வழக்காக்கி நெருக்கும் போக்கு வளர்வதை, மேலே சொன்ன அதே 2006 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பாக்கியை வசூலிக்க உரிமையியல் நீதிமன்றமும் கடன் வசூல் தீர்ப்பாயமும் இருக்கின்றன. காவல் நிலையம் வசூல் மையமல்ல.

கடன் மிரட்டலின் கொடுமையை இந்த மாவட்டத்துக்கு நினைவூட்டத் தேவையில்லை. கடையநல்லூர் அருகே காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், கந்துவட்டி நெருக்கடியால் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. வட்டிக் கடைக்காரர் ஜெயிலைக் காட்டி மிரட்டினால், கடன் வாங்கியவரும் காவல் நிலையப் படி ஏறலாம்.

என்ன செய்யலாம்

நிலமோ வீடோ வாங்கும் முன்பும் ஒத்திக்குப் பணம் கொடுக்கும் முன்பும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். சான்று மட்டும் போதாது. பதிவாகாத அடமானம் அதில் தெரியாது. மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்; நகலைக் காட்டினால் அசல் எங்கே என்று கேட்க வேண்டும். வங்கிகளின் அடமானங்களைப் பதியும் செர்சாய் மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். வண்டி என்றால் ஆர்.சி.யில் ஹெச்.பி. ரத்தாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடன் வாங்கியவர்கள் தவணை தவறப்போகிறது என்று தெரிந்ததுமே வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். விற்றுத்தான் அடைக்க வேண்டும் என்றால் சம்மதம் கேட்டு விற்றுவிடுங்கள். நேர்மையான எண்ணத்துக்கு நாளை நீதிமன்றத்தில் அந்தக் கடிதமே சாட்சி. கடன் முடிந்தபின் வங்கிகள் 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதும், தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்குங்கள்.

நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். அதைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரைத் தேடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும்.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போதே, இந்தப் பொருளை எங்களிடம் சொல்லாமல் விற்கக் கூடாது, சொல்லிவிட்டு விற்கலாம் என்பதைத் தமிழில் இரண்டு வரியில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தெரியாமல் தப்புச் செய்தவர்களை வழக்குக்கு இழுப்பதைவிட அது எல்லோருக்கும் செலவு குறைவு. கடன் வாங்கியவர் உண்மையைச் சொல்லிவிட்டால் சட்டம் அவரைத் தண்டிக்காது, மறைத்தால் விடாது.